பரிமாறும் கை

திருச்சியிலும் திருவரங்கத்திலுமாக நாங்கள் ஏழு பேர். உடலில் வெண்புள்ளிகள் உடையவர்கள் என்பதைத் தவிர எங்களுக்குள் பொதுவானது அதிகமில்லை. ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர். ஒருவர் கல்யாணங்களுக்குச் சமைக்கப் போகும் பரிசாரகர். ஒருவர் உறையூரில் தையற்கடை வைத்திருக்கும் பெண்மணி. ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்ப்பவர். இருவர் கல்லூரி மாணவியர். எஞ்சிய ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். இக்கட்டுரையை எழுதும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. இதிலுள்ளவை ஏழு பேருக்கும் உரியவை என்பதால் 'நாங்கள்' என்றே எழுதிச் செல்கிறோம்.

தில்லைநகரிலுள்ள ஒரு தோல் மருத்துவரிடம் ஒளிச் சிகிச்சைக்குப் போனபோது அறிமுகமானவர்கள் நாங்கள். வாரத்துக்கு இருமுறை, பல மாதங்கள் போகவேண்டும். 311 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் வீசும் கூண்டுக்குள் நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்காகக் காத்திருப்பது ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் வளர்ந்தது எங்கள் நட்பு.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் நிறமி. அதை உண்டாக்கும் உயிரணுக்களை, நோயெதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி அணுக்கள் அந்நியர் என்று கருதித் தாக்கி அழித்துவிடுகின்றன. அழிந்த இடம் வெளுக்கிறது. மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் முதலிய தன்னெதிர்ப்பு நோய்களின் குடும்பத்தைச் சேர்ந்ததே இதுவும். உலக மக்களுள் நூற்றுக்கு அரைப் பேர் முதல் இரண்டு பேர் வரை இது காணப்படுகிறது. ஏறத்தாழப் பாதிப் பேருக்கு 20 வயதுக்குள்ளாகவே தொடங்கிவிடுகிறது. தொட்டால் ஒட்டாது, உணவால் பரவாது. மீனும் பாலும் சேர்த்து உண்பதால் வருவதும் அன்று. (எங்கள் பரிசாரகர் பிறந்தது முதல் மீனை வாயில் வைத்தறியாதவர்.) உராயும் இடங்களில் புதிய புள்ளி தோன்றக்கூடும் என்பதால் பாவாடை நாடா, செருப்பு வார், வாளியின் கைப்பிடி ஆகியவற்றில் எங்களுக்குக் கவனம் உண்டு. நிறம் மீண்டும் வருவதுண்டு. வந்த நிறம் மறைவதும் உண்டு. 2022-இல் அமெரிக்காவில் ருக்ஸோலிட்டினிப் என்னும் களிம்பு இந்நோய்க்காகவே ஒப்புதல் பெற்றது. ஆயினும் முற்றிலும் தீர்த்துவிடும் மருந்து என்று எதையும் இன்று சொல்வதற்கில்லை. ஆகவே இதனோடு எப்படி வாழ்வது என்பதே எங்கள் கேள்வி.

அக்கேள்வியின் முதற்பகுதி பெயரைப் பற்றியது. நெடுங்காலமாக இந்நோய்க்குத் தமிழில் வழங்கிய பெயர் வெண்குட்டம், அல்லது வெண்குஷ்டம். குஷ்டம் என்ற சொல் தொழுநோயைக் குறிப்பது. 1873-இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க்குரிய கிருமியைக் கண்டறிந்தார். வெண்புள்ளிக்குக் கிருமியே இல்லை. தொழுநோய்ப் படையில் தொடுவுணர்ச்சி குன்றும். வெண்புள்ளியில் உணர்ச்சி முழுமையாக இருக்கும். இவ்வளவு வேறுபட்டிருந்தும், பெயர் ஒன்றாக இருந்ததால் பார்வையும் ஒன்றாகவே இருந்தது. சென்னையைச் சேர்ந்த கே. உமாபதி முன்னின்று நடத்தும் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கம், இப்பெயரை மாற்ற வேண்டுமென்று பல ஆண்டுகள் போராடியது. அதன் பயனாக 2010-இல் தமிழக அரசு, வெண்குஷ்டம் என்பதற்குப் பதிலாக 'வெண்புள்ளிகள்' என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. வெண்புள்ளி உடையோருக்கென்று அவ்வியக்கம் சுயம்வர நிகழ்ச்சிகளும் நடத்தியிருக்கிறது. ஒரு சொல் மாறுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், பெண் பார்க்க வந்த வீட்டில் இவ்விரு சொற்களில் ஒன்றைச் சொல்லிப் பார்க்கட்டும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. மேனியின் நிறமாற்றத்துக்கு நம் இலக்கியம் வைத்திருக்கும் பெயர்கள் பல. சங்கப் பாடல்களில் இளமகளிர் மேனியில் படரும் சுணங்கு அழகின் அடையாளம். வேங்கைப் பூந்தாதோடு ஒப்பிட்டுப் போற்றப்படுவது. பசலை பிரிவின் அடையாளம். திருக்குறளில் 'பசப்புறு பருவரல்' என்று ஓர் அதிகாரமே அதற்கு உண்டு. சுணங்கு கண்டு தலைவன் வியந்தான். பசலை கண்டு தோழி இரங்கினாள். தோலில் தோன்றியதைக் காட்டிலும் அதற்குச் சூட்டிய பெயரே, காண்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது. எங்களுள் தமிழ் கற்பிப்பவர் அந்த அதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்துகிறார். கரும்பலகையில் எழுதும்போது சுண்ணக்கட்டித் தூள் படிந்து கையின் புள்ளிகள் மறைந்துபோகும். வகுப்பறையை அவர் பெரிதும் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம் என்று சொல்வார்.

ஆனால் பெயர் மாற்றத்தில் ஓர் இடறல் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். "எங்களுக்குத் தொழுநோய் இல்லை" என்று நாங்கள் உரக்கச் சொல்லும்போது, தொழுநோய் உள்ளவரை ஒதுக்குவது சரிதான் என்று மெல்லச் சொல்லிவிடுகிறோம். தொழுநோய் கூட்டு மருந்துகளால் குணமாவது. அம்முறையை உலக சுகாதார நிறுவனம் 1981-இலேயே பரிந்துரைத்துவிட்டது. ஆயினும் இந்து திருமணச் சட்டத்தில் மணமுறிவுக்கான காரணங்களுள் ஒன்றாகத் தொழுநோய் 2019 வரை இருந்தது. அவ்வாண்டின் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. ஒதுக்கலிலிருந்து நாங்கள் மட்டும் தப்பித்து வெளியேறும் வாசலாகப் புதுப்பெயர் ஆகிவிடக் கூடாது என்பது எங்கள் பரிசாரகரின் கருத்து. அவர் அதற்குத் திருவரங்கத்துக் கதையொன்றையே சான்றாகச் சொன்னார்.

வைணவக் குருபரம்பரை நூல்கள் கூறும் கதை அது. ஆளவந்தாருக்கு ராஜபிளவை என்னும் கொடிய கட்டி வந்தது. தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த அவருடைய சீடர் மாறனேரி நம்பி, ஆசாரியனின் நோயைப் பிரசாதமாகக் கேட்டுப் பெற்றுக்கொண்டார். நோயோடு கிடந்த அவரைக் கவனித்துக்கொண்டவர் பெரிய நம்பி. மாறனேரி நம்பி பரமபதித்தபோது இறுதிக் கடன்களையும் அவரே செய்தார். ஊர் பெரிய நம்பியை ஒதுக்கிவைத்தது. திருவீதிப் புறப்பாட்டின்போது அவர் மகள் அத்துழாய் பெருமாளிடமே நியாயம் கேட்க, தேர் நகராமல் நின்றது என்றும், பெரிய நம்பியை அழைத்துவந்து சேர்த்த பின்னரே நகர்ந்தது என்றும் கதை முடிகிறது. தேர் நின்றதா என்பது அவரவர் நம்பிக்கை. நாங்கள் கவனித்தது வேறொன்று. ஒதுக்கப்பட்டவரை மீண்டும் சேர்த்துக்கொள்வதற்கு அடையாளமாக அந்தக் கதை எதை வைத்தது? அனுதாபத்தையோ அறிவுரையையோ அன்று. எல்லோரும் கூடிச் செய்யும் ஒரு காரியத்தில் அவருக்குரிய இடத்தைத் தந்ததைத்தான்.

எங்கள் ஊரில் ஒதுக்கல் என்பது எவரையும் வாசலில் நிறுத்துவதில்லை. பத்திரிகை வரும். மண்டபத்தில் சந்தனம் கொடுத்து வரவேற்பார்கள். இலை போட்டு உட்கார வைப்பார்கள். ஆனால் வேலை எதையும் கொடுக்கமாட்டார்கள். ஆரத்தி எடுக்க, தேங்காய் உடைக்க, தாம்பூலப் பை கொடுக்க, பந்தி பரிமாற எங்களைக் கூப்பிடுவதில்லை. உறையூர் அக்கா முப்பது வயதுவரை உறவினர் கல்யாணங்களில் மணப்பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுபவராக இருந்தார். விரல் நுனிகள் வெளுத்த பிறகு, "நீ ஏன் கஷ்டப்படணும், உட்காரு அக்கா" என்றார்கள். அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வெண்புள்ளி வலிப்பதில்லை.

அதே மருத்துவக் கட்டடத்தின் மாடியில் முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெறும் ஒரு பெண்மணியோடும் எங்களுக்குப் பழக்கம் ஏற்பட்டது. காலையில் ஒரு மணி நேரம் விரல்கள் மடங்கா. அதன்பின் அவரால் பெரும்பாலான வேலைகளைச் செய்யமுடியும். அவரையும் உட்காரச் சொல்கிறார்கள். எங்களை அருவருப்பால், அவரை அன்பால். இரண்டிலும் முடிவு ஒன்றுதான். பத்து ஆண்டுகள் உட்கார்ந்தே இருந்த பிறகு, விசேஷங்களுக்குப் போவதையே அவர் விட்டுவிட்டார்.

பரிசாரகருக்கோ அது வயிற்றுப் பிழைப்பு. முப்பது ஆண்டுகள் திருவரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் பந்தி விசாரித்தவர் அவர். ஐம்பதாவது வயதில் கைகளில் புள்ளிகள் தோன்றின. முதலில் இலைக்கு முன்னால் வரவேண்டாம், அடுப்படியில் இருங்கள் என்றார்கள். அடுத்த ஆண்டு அடுப்படியிலிருந்து காய்கறி நறுக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். பிறகு முகூர்த்த நாட்களில் தொலைபேசி வரவில்லை. யாரும் கடுமையாக ஒரு சொல் சொன்னதில்லை. "மாமா, நீங்க ரெஸ்ட் எடுத்துக்கோங்கோ" என்றார் ஒப்பந்தக்காரர். அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான், சமூகப்பணித் துறையில் ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் இரண்டு வினாப்படிவங்களோடு எங்களிடம் வந்தார். முதலாவது, 1994-இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் ஃபின்லே, கான் என்ற இருவர் உருவாக்கிய தோல்நோய் வாழ்க்கைத்தர அளவீடு. பத்து வினாக்கள், கடந்த ஒரு வாரத்தைப் பற்றியவை. கடைக்குப் போவதை, வீட்டையோ தோட்டத்தையோ பராமரிப்பதை, உடை தேர்வதை, பலரோடு கூடும் நிகழ்ச்சிகளை உங்கள் தோல் எவ்வளவு பாதித்தது என்று கேட்பவை. மொத்தம் 30 மதிப்பெண். கூடக்கூடப் பாதிப்பு அதிகம். இரண்டாவது, அமெரிக்க உளவியலாளர் எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1985-இல் வெளியிட்ட வாழ்க்கை நிறைவு அளவுகோல். ஐந்து கூற்றுகள்; ஒவ்வொன்றோடும் எவ்வளவு உடன்படுகிறோம் என்று 1 முதல் 7 வரை எண்ணிட வேண்டும். இரண்டும் உலகெங்கும் பயன்படுபவை, நல்ல கருவிகள். அவற்றைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று.

ஆனால் எண்கள் வந்தபோது எல்லோருக்கும் திகைப்பு. எங்களுள் புள்ளிகள் மிகுதியாக உள்ளவர் வங்கி ஊழியர்; முகத்திலும் கழுத்திலும் பாதிக்குமேல் வெளுத்துவிட்டது. அவருக்குத் தோல் அளவீட்டில் 30-க்கு 2. வாழ்க்கை நிறைவில் 35-க்கு 29. எங்களுள் மிகக் குறைந்த புள்ளிகள் உடையவர் இரண்டு மாணவியருள் இளையவர். மணிக்கட்டில் ஒன்று, உதட்டோரம் ஒன்று. அவருக்கு 17. ஆய்வு மாணவர் வங்கி ஊழியரின் மனத்திடத்தைப் பாராட்டினார்.

மாணவர் போன பிறகு, வங்கி ஊழியர் தாம் விடையளித்த விதத்தை விளக்கினார். பலரோடு கூடும் நிகழ்ச்சிகளைத் தோல் பாதித்ததா? கடந்த வாரம் அவர் எந்த நிகழ்ச்சிக்கும் போகவில்லை. அதற்கு முந்தைய வாரமும் இல்லை. பதினோராண்டுகளாக, மிக நெருங்கிய சாவுகளைத் தவிர எதற்கும் போனதில்லை. ஆகவே 'பொருந்தாது' என்று குறித்தார். அதற்கு மதிப்பெண் சுழி. விளையாட்டு? பொருந்தாது, சுழி. வேலை? ஓய்வு பெற்றாயிற்று, சுழி. உடை? எப்போதும் முழுக்கைச் சட்டைதான், பழகிவிட்டது, பாதிப்பில்லை. அவருடைய வாழ்க்கை வீட்டுத் திண்ணைக்கும் நூலகத்துக்கும் இடையில் அளவாக வெட்டித் தைக்கப்பட்டிருந்தது. அந்த அளவுக்குள் அவர் நிறைவாகவே இருந்தார். பொய்யொன்றும் எழுதவில்லை. இளைய மாணவியோ அந்த வாரத்தில் கல்லூரி நடனக் குழுத் தேர்வுக்குப் போயிருந்தார், முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றப்பட்டிருந்தார், தோழியரோடு சண்டையிட்டிருந்தார், அம்மா மண்டபப் படித்துறையில் முகம் தெரியாத ஒருவர் நாட்டு மருந்து சொன்னதைக் கேட்டு நின்றிருந்தார். பத்து வினாக்களுள் எட்டு அவருக்குப் பொருந்தின.

அன்றிலிருந்து எங்கள் காத்திருப்பு நேரத்தில் இதைப் பற்றியே பேச்சு. நாட்பட்ட நோயோடு வாழ்பவர் "எனக்கு ஒரு குறையுமில்லை" என்று சொன்னால், அது இரண்டு வகையில் உண்மையாக இருக்கலாம். வாழ்க்கை விரிந்து, நோய் அதற்குள் ஒரு சிறு பங்காக ஆகியிருக்கலாம். அல்லது நோய்க்கு வெளியே எதுவும் எஞ்சாத அளவுக்கு வாழ்க்கை சுருங்கியிருக்கலாம். இரண்டுக்கும் அளவுகோல் காட்டும் எண் ஒன்றாக இருக்கக்கூடும். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் போதும் என்று சொன்னது யார், எதைக் கைவிட்ட பிறகு சொன்னார் என்று நாம் கேட்பதில்லை.

பரிசாரகர் இதற்குச் செயலில் விடை கண்டார். பேத்தியின் ஆண்டு நிறைவுக்கு உத்திர வீதியில் ஒரு சிறு கூடத்தில் எண்பது பேருக்குச் சாப்பாடு. எங்களிடம் வந்து, "சாப்பிட மட்டும் கூப்பிடலை. நீங்க ஏழு பேரும் பரிமாறணும். அதுக்குத்தான் கூப்பிடறேன்" என்றார். அவர் வீட்டுப் பந்தியில் எங்களுள் பலர் பரிமாறுவது தோல் அல்லாத வேறொரு காரணத்துக்காகவும் வழக்கமில்லாதது. அதை அவரும் அறிவார், நாங்களும் அறிவோம். மாறனேரி நம்பி கதையை அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு முழுமையாக விளங்கியது. அவருடைய மனைவிக்கு இதில் இரண்டு நாள் மனத்தாங்கல். மூன்றாம் நாள், "வெறுங்கையோட வராதேள், எல்லாரும் வாளி எடுத்துக்கோங்கோ" என்று அவரே வேலையைப் பிரித்துக்கொடுத்தார்.

அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. முதற்பந்தியில் மூதாட்டி ஒருவர் வங்கி ஊழியர் சாற்றமுது வாளியோடு வருவதைக் கண்டதுமே இலைமீது கையை விரித்து "போறும்" என்றார். இலையில் அதுவரை உப்பைத் தவிர எதுவும் இல்லை. பெரியவர் ஒருவர் பாதியில் இலையை மடித்து எழுந்தார். மற்றவர்கள் சாப்பிட்டார்கள். சிலர் பார்த்தபடியே சாப்பிட்டார்கள், சிலர் பாராமல் சாப்பிட்டார்கள், பசித்தவர்கள் இலையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்கள். சிறுவன் ஒருவன் இளைய மாணவியிடம், "அக்கா, கையில என்ன?" என்று கேட்டான். "கலர் போயிடுச்சு" என்றார் அவர். "இன்னொரு அப்பளம்" என்றான். திருக்கண்ணமுது கொண்டுபோனவர் உறையூர் அக்கா. மூன்றாம் பந்தியில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டவர்களை அவர் எண்ணி வைத்திருக்கிறார். ஒன்பது பேர்.

இலையை மடித்த பெரியவர் எங்கள் மனத்தில் பல நாள் இருந்தார். அவரை நாங்கள் மறக்கவும் முயலவில்லை. பந்திக்குப் போனால் இலை மடிப்பவரும் இருப்பார் என்பதை ஏற்றுக்கொண்டுதான் போகவேண்டும். போகாதவருக்கு அந்த வலி இல்லை. ஒன்பது பேர் கேட்டு வாங்கிய மகிழ்ச்சியும் இல்லை.

ஆறு மாதம் கழித்து ஆய்வு மாணவர் மறுபடி வந்தார். அதற்குள் வங்கி ஊழியர் இரண்டு கல்யாணங்களுக்கும் ஒரு நூல் வெளியீட்டுக்கும் போய்வந்திருந்தார். 1-ஆம் எண் பேருந்தில், சத்திரம் நிறுத்தத்தில் பக்கத்து இருக்கையிலிருந்து ஒருவர் எழுந்து வேறிடம் போனதையும் கண்டிருந்தார். அவருடைய தோல் அளவீடு 2-லிருந்து 9 ஆகியிருந்தது. வாழ்க்கை நிறைவு 29-லிருந்து 26-க்கு இறங்கியிருந்தது. "நிலைமை சற்று மோசமாகியிருக்கிறதே, ஐயா" என்று மாணவர் வருந்தினார். வங்கி ஊழியர் சிரித்தார். "தம்பி, போன தடவை நான் எழுதினது தேர்வுக்கே வராதவனோட மார்க்" என்றார்.

பரிசாரகருக்குப் பழைய ஒப்பந்தக்காரரிடமிருந்து அழைப்பு இன்னும் வரவில்லை. ஆண்டு நிறைவுக்கு வந்திருந்த இரண்டு குடும்பங்கள் தம் வீட்டு விசேஷங்களுக்கு அவரையே நேரடியாகக் கூப்பிட்டன. ஒன்றில் அவர் பந்தி விசாரித்தார். மற்றதில் அடுப்படியோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். கூலி வேண்டும், போனார். இளைய மாணவி இவ்வாண்டும் பின்வரிசையில்தான் ஆடினார். அடுத்த ஆண்டுக்கு இப்போதே வாதாடிக்கொண்டிருக்கிறார்.

வாசக நண்பர்களிடம் கேட்பது அதிகமில்லை. எங்களைப் போன்ற ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதோடு "எதையெல்லாம் விட்டுவிட்டீர்கள்" என்றும் கேட்டுப் பாருங்கள். மருத்துவர்களும் ஆய்வாளர்களும் 'பொருந்தாது' என்ற விடையைச் சுழி என்று கூட்டுவதற்கு முன், அது எப்போதிலிருந்து பொருந்தாமல் போனது என்று ஒரு வரி குறித்துக்கொள்ளட்டும். அடுத்த விசேஷத்தில் அவரை உட்காரச் சொல்வதற்கு முன்னால் அவர் கையில் ஒரு கரண்டியைக் கொடுங்கள். வேண்டாமென்றால் அவரே சொல்வார்.

வரும் சித்திரைத் தேரன்று தேரோடும் வீதியில் நீர்மோர்ப் பந்தல் வைப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். வெளுத்த தோலை வெயில் எளிதில் சுட்டுவிடும். ஆகவே கீற்றுக் கொட்டகை சற்று அகலமாக வேண்டும் என்று பொன்மலைக்காரர் அளவெடுத்துவிட்டு வந்திருக்கிறார். மோருக்கு இஞ்சி தட்டிப்போடுவதா, பெருங்காயம் மட்டும் போதுமா என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு.